ஒளியின் துடிப்பும் கண்ணின் நலமும்

அகல்விளக்கின் சுடர் காற்றில் அசைவதை மனிதன் தொன்றுதொட்டுக் கண்டுவந்தான். கண்டமையால் அதனைத் தவிர்க்கவும் அறிந்திருந்தான். மின்விளக்கோடு தோன்றிய துடிப்போ வேறு இயல்பினது. புலப்படாமலே கண்ணை வருத்தவல்ல அதன் தன்மையை உலகம் உணர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

விட்டுவிட்டு எழும் ஒளி, போதிய விரைவை எய்தியதும் இடையறாத ஒளிபோலத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெல்ஜிய அறிஞர் பிளாற்றோவும் ஆங்கிலேயர் தால்பற்றும் இதனை ஆராய்ந்தனர். ஒளி மிக மிக, அதற்கு வேண்டிய விரைவும் மிகும் என்பதைப் பெரி 1892இலும் போட்டர் 1902இலும் எடுத்துரைத்தனர்.

1895இல் இயங்கத் தொடங்கிய நயாகரா மின்னிலையம், பெரும் பொறிகளைக் கருதி, வினாடிக்கு 25 சுற்றுடைய ஆடலோட்டத்தை ஏற்றது. அவ்வோட்டத்தில் விளக்குகள் நடுங்கின. அமெரிக்காவில் 60 சுற்றும் ஐரோப்பாவில் 50 சுற்றும் நிலைபெற்றமைக்கு இந்நடுக்கமும் ஒரு காரணமாகும். இலங்கையில் வழங்குவதும் 50 சுற்றே.

எனினும் சிக்கல் தீர்ந்திலது. சுற்றொன்றில் ஒளி இருமுறை உயர்ந்து தாழ்வதால், 50 சுற்றில் வினாடிக்கு 100 துடிப்புகள் நிகழும். இழைவிளக்கில் இழையின் வெப்பம் அதனைப் பெரிதும் மறைத்தது. 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழல்விளக்கில் அம்மறைவு குன்றிற்று. அவ்வொளியில் சுழலும் கடைசற்பொறி நிற்பதுபோலத் தோன்றித் தொழிலாளரின் கைக்கு ஆபத்து விளைக்கக்கூடும். ஆதலின் தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த விளக்குகளை மின்சாரத்தின் மூன்று கட்டங்களிலும் பகிர்ந்து இணைத்தனர். பொறிக்குக் கிடைத்த இக்கவனம், எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் எளிதிற் கிடைத்திலது.

1989இல் வில்கின்சும் அவர் துணைவரும் இங்கிலாந்தில் அலுவலக ஊழியரிடை ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பழைய முறை விளக்குகளோடு, வினாடிக்குப் பல்லாயிரம் சுற்றில் இயங்கும் விளக்குகளும் மாறிமாறிப் பயன்படுத்தப்பட்டன. எது எப்பொழுது என்பது ஊழியருக்கு அறிவிக்கப்படவில்லை. புதிய விளக்கின்கீழ்த் தலைவலியும் கண்ணயர்ச்சியும் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. இதனாற் குழல்விளக்கு பார்வையைப் பறிக்கும் என்பது பெறப்படாது; கண் உணராத துடிப்பும் உடலைத் தாக்கும் என்பதே பெறப்படும்.

இன்றைய எல்.ஈ.டி. விளக்கின் துடிப்பு அதனை இயக்கும் மின்சுற்றின் தரத்தைப் பொறுத்தது. 2015இல் அமெரிக்க மின்பொறியியலாளர் கழகம் இதற்கு வரம்புகளைப் பரிந்துரைத்தது. ஆயினும் மலிவான விளக்குகள் பல அவற்றைப் பேணுவதில்லை. வகுப்பறைக்கு விளக்கு வாங்குவோர் விலையையும் பிரகாசத்தையும் மட்டும் நோக்குதல் போதாது. மாணவன் சொல்லும் தலைவலியைச் சோம்பல் எனத் தள்ளுமுன், அவன் தலைக்குமேல் எரியும் விளக்கையும் ஒருமுறை ஆராய்தல் நன்று.