பப்பில் பீர் விலை ஏன் உயர்கிறது? கலால் வரி முதல் கட்டட வாடகை வரை ஒரு விளக்கம்

பெங்களூரு: பணி முடிந்து மாலையில் பெங்களூரு பப் ஒன்றின் விலைப்பட்டியலைத் திறக்கும் வாடிக்கையாளர், பீரின் விலை மீண்டும் உயர்ந்திருப்பதைக் கண்டால் முதலில் அதன் உரிமையாளரையே நொந்துகொள்கிறார். ஆனால் அந்த விலையின் அடித்தளம், கோப்பை மேசைக்கு வருவதற்கு வெகு முன்பே மாநில அரசின் கலால் விதிகளில் முடிவாகிவிடுகிறது. அந்த விதிகளில் செய்யப்படும் மாற்றம் எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதும் இல்லை.

ஜிஎஸ்டிக்கு வெளியே மது

மது உற்பத்தி, விற்பனை, அதன் மீதான கலால் வரி ஆகியவை அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளன. 2017 ஜூலை 1ஆம் தேதி நாடு முழுவதும் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, மனிதர்கள் அருந்தும் மது அதிலிருந்து விலக்கப்பட்டது. பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டி வரம்புக்குள் கொண்டுவர ஜிஎஸ்டி கவுன்சிலின் பரிந்துரை போதுமானது. மதுவைக் கொண்டுவர வேண்டுமெனில் அரசியலமைப்பையே திருத்த வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே பாட்டில், மாநில எல்லையைத் தாண்டியதும் வேறு விலைக்கு விற்கப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்த விலக்கினால் மற்றொரு சுமையும் உண்டு. கண்ணாடி பாட்டில், சரக்குப் போக்குவரத்து, விளம்பரம் போன்றவற்றுக்கு மது தயாரிப்பாளர் ஜிஎஸ்டி செலுத்துகிறார். விற்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி இல்லாததால், செலுத்திய அந்த வரியைக் கழித்துக்கொள்ள அவரால் இயலாது. அத்தொகை பாட்டிலின் விலையில் சேர்ந்துவிடுகிறது.

கர்நாடகாவில் உயர்ந்து வந்த வரி

கர்நாடகாவில் தயாரிப்பாளர் அறிவிக்கும் விலையின் மீது குறிப்பிட்ட சதவீதமாகப் பீருக்குக் கூடுதல் கலால் வரி விதிக்கப்பட்டு வந்தது. 2019 பட்ஜெட்டில் இவ்வரி 150 சதவீதத்திலிருந்து 175 சதவீதமானது. 2023 ஜூலையில் முதலமைச்சர் சித்தராமையா தாக்கல் செய்த பட்ஜெட்டில் 185 சதவீதமானது. அப்போது மற்ற மதுவகைகளுக்கான கூடுதல் கலால் வரியும் 18 விலை அடுக்குகளிலும் 20 சதவீதம் உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரி 20 முதல் பீருக்கான வரி 195 சதவீதம் அல்லது லிட்டருக்கு 130 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது என மாற்றப்பட்டது.

வரி சதவீதமாக இருந்ததால், தயாரிப்புச் செலவில் ஏற்பட்ட சிறிய உயர்வும் பெருகியே வாடிக்கையாளரை வந்தடைந்தது. எடுத்துக்காட்டாக, 650 மில்லி பாட்டில் ஒன்றின் தயாரிப்பாளர் விலை 50 ரூபாய் எனக் கொள்வோம். 195 சதவீத வரி 97.50 ரூபாய், இரண்டும் சேர்ந்து 147.50 ரூபாய். தயாரிப்பாளர் விலை 2 ரூபாய் உயர்ந்தால் வரியும் உயர்ந்து மொத்தம் 153.40 ரூபாயாகிறது. ஆலையில் 2 ரூபாயாகத் தொடங்கிய உயர்வு, விற்பனையாளரின் இலாபம் சேரும் முன்பே 5.90 ரூபாயாகிவிடுகிறது.

மலிவு பீருக்கே அதிக அடி

2025 மாற்றத்தில் கவனிக்க வேண்டியது, லிட்டருக்கு 130 ரூபாய் என்ற குறைந்தபட்ச வரம்பு. அதன்படி எவ்வளவு மலிவான பீராக இருந்தாலும் 650 மில்லி பாட்டிலுக்கு 84.50 ரூபாய் கூடுதல் கலால் வரி செலுத்த வேண்டியிருந்தது.

தயாரிப்பாளர் விலை 30 ரூபாயாக உள்ள பாட்டிலுக்கு 185 சதவீத வரி 55.50 ரூபாய். புதிய வரம்பினால் அது 84.50 ரூபாயாகி, 29 ரூபாய் கூடுகிறது. தயாரிப்பாளர் விலை 50 ரூபாயாக உள்ள பாட்டிலுக்குக் கூடுவதோ 5 ரூபாய் மட்டுமே. கடைகளிலும் இதே நிலை காணப்பட்டது. சுமார் 100 ரூபாய்க்கு விற்கப்பட்ட மலிவு வகை ஒன்று 145 ரூபாயாக உயர்ந்தது. 240 ரூபாய் வகை ஒன்று 250 ரூபாயானது. வசதியுள்ளவரின் கோப்பையில் சிறு மாற்றமாகத் தெரிந்தது, தினக்கூலி பெறுபவரின் செலவில் ஏறக்குறைய பாதி விலை உயர்வாக அமைந்தது.

கடை விலைக்கும் பப் விலைக்கும் இடைவெளி ஏன்?

கடையில் விற்கப்படும் பாட்டிலில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். பப்பில் கோப்பையில் ஊற்றிப் பரிமாறப்படும் பானத்திற்கு அத்தகைய அச்சிட்ட விலை இல்லை. உணவகங்கள் பொருளுடன் சேவையையும் சேர்த்தே அளிக்கின்றன என்பதால், அங்கு தண்ணீர் பாட்டில் போன்றவற்றை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தக் கூடுதல் தொகை முழுவதும் இலாபம் அன்று. ஆண்டு உரிமக் கட்டணம், ஊழியர் ஊதியம், குளிர்சாதன வசதி, இசை ஒலிபரப்புக்கான உரிமத்தொகை, நுரையிலும் குழாயிலும் வீணாகும் பீர் ஆகியவை அதில் அடங்கும். வணிகக் கட்டட வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உணவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கும் உணவகங்கள், வாடகைக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

பிற மாநிலங்களில் என்ன நிலை?

தெலங்கானாவில் தயாரிப்பாளருக்குக் கிடைக்க வேண்டிய அடிப்படை விலையை அரசே முடிவு செய்கிறது. 2019-20க்குப் பிறகு விலை திருத்தப்படவில்லை என்றும், நிலுவைத் தொகை வழங்கப்படவில்லை என்றும் கூறி, கிங்ஃபிஷர் பீரைத் தயாரிக்கும் யுனைடெட் பிரூவரீஸ் நிறுவனம் 2025 ஜனவரியில் அம்மாநிலத்திற்கு விநியோகத்தை நிறுத்தியது. பின்னர் விநியோகம் தொடங்கியது. பிப்ரவரியில் பீர் விலை 15 சதவீதம் உயர்த்தப்பட்டது.

மகாராஷ்டிராவில், 'பெர்மிட் ரூம்' எனப்படும் மதுக்கூடங்களில் பரிமாறப்படும் மதுவுக்கான வாட் வரி 2023 நவம்பரில் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது. அடுத்து உரிமக் கட்டணமும் கலால் வரியும் உயர்ந்தன. இவற்றைக் கண்டித்து 2025 ஜூலை 14ஆம் தேதி மாநிலம் முழுவதும் மதுக்கூடங்களை அடைத்து உரிமையாளர்கள் போராட்டம் நடத்தினர்.

கோவாவில் வரி குறைவு. அங்கு 100 ரூபாய்க்குக் கிடைக்கும் மது பாட்டில் டெல்லியில் 134 ரூபாய்க்கும், கர்நாடகாவில் 513 ரூபாய்க்கும் விற்கப்படுவதாக மதுத் தொழில் கூட்டமைப்பு ஒன்றின் 2023ஆம் ஆண்டுக் கணக்கீடு தெரிவித்தது.

அரசுக்கு ஏன் தேவை?

பல மாநிலங்களின் சொந்த வரி வருவாயில் 10 முதல் 15 சதவீதம் வரை மதுவிலிருந்தே கிடைக்கிறது. கர்நாடகா 2023-24ஆம் ஆண்டுக்குக் கலால் வருவாய் இலக்காக 36 ஆயிரம் கோடி ரூபாயையும், 2025-26ஆம் ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாயையும் நிர்ணயித்தது. ஜிஎஸ்டிக்குப் பிறகு மாநிலங்கள் தாமாகவே விகிதத்தை மாற்றக்கூடிய வரிகள் மிகச் சிலவே. எனவே நிதித் தேவை எழும்போதெல்லாம் மதுவின் மீதே பார்வை திரும்புகிறது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே மாதம், டெல்லி அரசு மதுவின் சில்லறை விலையில் 70 சதவீதச் சிறப்புக் கட்டணம் விதித்து, அடுத்த மாதமே திரும்பப் பெற்றது.

உடல்நலத்துக்குத் தீங்கான மதுவின் நுகர்வைத் தடுக்க அரசு முயல வேண்டும் என அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு அறிவுறுத்துகிறது. விலை உயர்ந்தால் நுகர்வு குறையும் என்பது வரி உயர்வுக்கு ஆதரவான முதன்மை வாதம்.

ஆனால் எந்தப் பானத்தின் விலை உயர்கிறது என்பதும் முக்கியம். 5 சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மில்லி பீரில் உள்ள தூய ஆல்கஹால் 32.5 மில்லி. 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட 180 மில்லி விஸ்கி அல்லது பிராந்தியில் அது சுமார் 77 மில்லி. மலிவு பீரின் விலை குவாட்டர் பாட்டிலின் விலையை நெருங்கினால், குறைந்த வருவாய் உள்ளவர் குடிப்பதை விடுவதற்குப் பதிலாகக் கடுமையான மதுவுக்கு மாறிவிடக்கூடும். பாட்டிலின் விலையைப் பாராமல் ஆல்கஹால் அளவை வைத்து வரி விதிக்க வேண்டும் என்ற கோரிக்கையின் அடிப்படை இதுவே.

ரசீதில் கவனிக்க வேண்டியவை

உணவுக்கான ஜிஎஸ்டியை மதுவுக்கும் சேர்த்துக் கணக்கிடக் கூடாது. மதுவுக்கு வரி இருப்பின், அது அந்தந்த மாநிலத்தின் வாட் வரியாகத் தனியே குறிப்பிடப்பட வேண்டும். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28ஆம் தேதி உறுதி செய்தது. எனவே ரசீதில் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் அதை நீக்குமாறு வாடிக்கையாளர் கேட்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.