விக்டோரியா வீதிக் கான்வெண்டின் சிறு வாயில்

சிங்கப்பூரில் விக்டோரியா வீதியும் பிராஸ் பாசா வீதியும் கூடுமிடத்திலே, பழைய மதிலொன்றில் சிறு வாயில் ஒன்று உண்டு. பெற்றோர் வேண்டாவெனக் கைவிட்ட பச்சிளங் குழந்தைகளை நூறாண்டுக்கு மேலாக ஏற்ற வாயில் அது. அதனுள்ளே வளர்ந்த கல்விச்சாலையின் வரலாறு, பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

1839இல் சிங்கப்பூர் போந்த பிரெஞ்சுப் பாதிரியார் பியூரேல், 1852இல் கிறிஸ்தவச் சகோதரர்களைக் கொண்டு ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். செயிண்ட் ஜோசப் கல்லூரி என வழங்குவது அதுவே. ஆணுக்குப் பள்ளி அமைத்தவுடன் கடமை முடிந்ததென அவர் அமைந்தாரில்லை. நியாயஸ்தலத்துக் கிராணியாயிருந்த கால்டுவெல் என்பாருக்காகக் கோல்மன் 1840, 1841ஆம் ஆண்டுகளில் கட்டிய மாளிகையைத் தம் கைப்பொருளால் வாங்கிப் பெண்கல்விக்கு ஈந்தார்.

1854 பிப்ரவரியில் அன்னை மத்தில்டு தலைமையில் நான்கு கன்னியாஸ்திரீகள் அங்கு வந்து சேர்ந்தனர். இரண்டு பாய், இரண்டு நாற்காலி, இரண்டு முக்காலி, இவையே அவர்களுக்கு வாய்த்த தட்டுமுட்டுகள் என்பர். எனினும் பத்தே நாளில் பள்ளி தொடங்கிற்று. வகுப்புகள் இரண்டு: சம்பளம் கட்டுவோர்க்கு ஒன்று, அநாதைகட்கும் ஏழைகட்கும் மற்றொன்று.

இவ்விடத்தே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். இக்கன்னியரின் சபை, 17ஆம் நூற்றாண்டிலே பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரில் நிக்கோலா பாரே என்னும் துறவி ஏழைச் சிறுவர்க்கு இலவசக் கல்வியளிக்கவே கண்டதாகும். அத்தகைய சபையின் பள்ளியிலும் பணம் ஒரு சுவர் எழுப்பிற்று. உள்ளோரின் சம்பளமே இல்லாரின் சோற்றுக்கு உதவிற்று என்பது மெய். ஒரு கூரையின் கீழ் இருவகைப் பிள்ளைகள் வளர்ந்தனர் என்பதும் மெய்யே. நன்மையைப் புகழுங்கால் குறையை மறைத்தல் பகுத்தறிவாகாது.

மரம் கிளைத்தது. பினாங்கில் 1852இலேயே ஊன்றிய சபை, மலாக்கா, கோலாலம்பூர், சிரம்பான், ஈப்போ என மலாய் நாடெங்கும் பள்ளிகளைக் கண்டது. 1933இல் சீனப் பெண்களுக்கெனச் செயிண்ட் நிக்கலஸ் பள்ளியும் தோன்றிற்று. அன்னை மத்தில்டு 1872இல் ஜப்பான் சென்று, 1911இல் யோகஹாமாவில் காலமானார்.

இனி, அச்சிறு வாயிலுக்கு மீள்வோம். அங்கு விடப்பட்டவை பெரும்பாலும் பெண் குழந்தைகளே. சில வறுமையால் விடப்பட்டன. சிலவோ புலியாண்டில் பிறந்தமையால் குடும்பத்துக்கு ஆகாவென விடப்பட்டன! சீனர் மடமையென்று நகைப்போரே, பொறுங்கள். “ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்” என்றது யார் வாய்? செவ்வாய் தோஷம் கூறிப் பெண்ணைக் கன்னியாகவே மூலையில் இருத்தியது யார் வீடு? தம்பியை இடுப்பில் சுமந்து லயத்து வாசலில் நின்ற நம் பாட்டிமார், தோட்டத்துப் பள்ளியில் அண்ணன் படித்த பாட்டைக் காதால் மட்டும் கேட்டதை மறந்தோமா? சீனன் வாயிலில் விட்டான். நாம் வீட்டுக்குள்ளேயே விட்டோம். வேறுபாடு அவ்வளவே.

மதம் பரப்பவே அக்கன்னியர் வந்தனர் என்பாருளர். வந்தது அதற்கே எனினும், நாம் எறிந்ததை அவர் எடுத்தார் அல்லரோ? அவர் மதம் நமக்கு வேண்டாவெனின், அவர் செய்த பணியையேனும் நாம் மேற்கொண்டிருத்தல் வேண்டும்.

1983இல் பள்ளி தோபாயோவுக்குப் பெயர்ந்தது. பழைய கட்டடங்கள் பின்னர் உணவகங்களும் மணவிழா மண்டபமுமாய் மாறின. வாயில் மட்டும் அங்கேயே நிற்கின்றது. அவ்வழியே செல்லும் தமிழர், தம் பெண்மகவைக் கைப்பற்றி அதன்முன் ஒரு கணம் நின்று, இவள் படிப்புக்கு யாம் யாது செய்தோம் எனத் தம்மையே வினவுவாராக. அதற்கு நாணமின்றி விடை கூறவல்லாரே கல்வியின் மாண்பறிந்தவராவர்.