பீடமும் சுற்றுச்சுவரும்: ராஜா அண்ணாமலைபுரத்துச் சிவாஜி சிலையை முன்வைத்து ஒரு மறுப்பு

சென்னைச் சிலைகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு விளக்கம் ஏறக்குறைய விதியாகவே நிலைபெற்றுவிட்டது. ஆட்சிக்கு வரும் கட்சி சிலை வைக்கிறது, அடுத்த ஆட்சி அதை அகற்றுகிறது, முதல் கட்சி திரும்பியதும் சிலையும் திரும்புகிறது. இந்த விளக்கத்துக்கு மூலச்சான்று கண்ணகி சிலை. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுவப்பட்ட அது, 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2006 ஜூன் 3 அன்று, புதிய முதலமைச்சர் மு. கருணாநிதியின் பிறந்தநாளில், மீண்டும் கடற்கரைக்கு வந்தது. இதைவிட ஒழுங்கான சான்று ஆய்வாளருக்குக் கிடைப்பது அரிது. சிக்கலும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. 2017-இல் கடற்கரைச் சாலையிலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெயர்க்கப்பட்ட நடிகர் சிவாஜி கணேசன் சிலையையும் இதே அச்சில் வார்த்து, ஆட்சி மாற்றக் கோட்பாட்டுக்கு இரண்டாவது சான்றாக வைத்துவிட்டார்கள். அந்த வாசிப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தவறு என்று சொல்ல முதற்காரணம் எளிமையானது. அந்தச் சிலை திரும்பவில்லை. 2006 ஜூலையில் காமராசர் சாலையும் இராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கும் இடத்தில் அதைத் திறந்துவைத்தவர் மு. கருணாநிதி. அவருடைய கட்சியான தி.மு.க. 2021 மே மாதம் ஆட்சிக்குத் திரும்பியது. கண்ணகி சிலையைக் கடற்கரையில் மீண்டும் நிறுத்த 2006-இல் மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. சிவாஜி சிலைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கோட்பாடு சரியென்றால் நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்காதபோது, அதை விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவது முறையாகாது.

இரண்டாவது காரணம் நிகழ்வுகளின் வரிசை. கண்ணகி சிலையை அகற்றிய அதே அ.தி.மு.க. ஆட்சிதான், அடுத்த ஆண்டே, 2002-இல், சிவாஜிக்கு நினைவு மண்டபம் எழுப்பத் தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கு 65 சென்ட் நிலம் ஒதுக்கியது. சங்கத்தால் கட்ட முடியவில்லை. நிலம் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. 2006-இல் சிலை நிறுவப்பட்டபோதே வழக்கும் வந்தது. போக்குவரத்துக்கு இடையூறு, கடற்கரைக் காந்தி சிலையை மறைக்கிறது என்பவை வழக்கின் வாதங்கள். 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்தில் நெடுஞ்சாலையில் வைக்கவிருந்த ஒரு சிலை தொடர்பான விண்ணப்பத்தில், சாலைகளிலும் நடைபாதைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை வைக்க மாநில அரசுகள் இனி அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில், சிவாஜி சிலையை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2015 ஆகஸ்டில், மணிமண்டபத்தை அரசே கட்டும் என்று முதலமைச்சர் ஜெயலலிதா சட்டப்பேரவையில் அறிவித்தார். மண்டபம் எழும்வரை அரசு நீதிமன்றத்தில் கால அவகாசம் கேட்டது. 2017 ஆகஸ்ட் 3 அதிகாலையில் சிலையைப் பெயர்த்து மண்டபத்துக்குக் கொண்டுபோகக் கிரேன் வந்தது. அக்டோபர் 1 அன்று, நடிகரின் பிறந்தநாளில், ரூ. 2.80 கோடியில் கட்டிய மண்டபம் திறக்கப்பட்டது.

சுமார் பன்னிரண்டு ஆண்டு எழும்பாத மண்டபம், அகற்றல் உத்தரவு வந்த பிறகு நான்கு ஆண்டுக்குள் எழும்பிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை அறிவேன். நடிகர் சங்கமும் இரசிகர் அமைப்புகளும் இடையறாது கோரிக்கை வைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கோரிக்கை முன்பும் இருந்தது. 2014-க்குப் பிறகு புதிதாக வந்தது, இடம் தேடவேண்டிய ஒரு வெண்கலச் சிலை.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான சான்றுக்கு வருகிறேன். அது பீடம். கடற்கரைச் சாலையில் நின்றபோது சிலையின் பீடத்தில் திறந்துவைத்தவர் என்று கருணாநிதியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. புதிய இடத்தில் அந்தப் பெயர் இடம்பெறவில்லை. தி.மு.க. கண்டித்தது. ஆட்சி மாற்றக் கோட்பாட்டினர் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: சாலை நெரிசல் வெறும் சாக்கு, உண்மை நோக்கம் ஒரு பெயரை அழிப்பது, கல்வெட்டே அதற்குச் சாட்சி என்பது அவர்கள் வாசிப்பு.

பெயரை விட்டது சிறுமையான செயல். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சிறுமை சிலை இடம்பெயர்ந்ததற்குக் காரணமாகாது. சான்றைப் படிக்கும் முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. சாலையில் நின்ற பீடம் சிலையைப் பற்றிய கல்வெட்டைத் தாங்கியது. மண்டபத்தில் பதித்த கல் கட்டடத்தைப் பற்றியது. அரசுக் கட்டடத்தின் திறப்புக் கல் அதைத் திறந்தவரையும், அப்போதைய அமைச்சர்களையும் குறிக்கும். உள்ளே வைக்கப்படும் பொருள் அதற்கு முன் எங்கே இருந்தது, யார் திறந்தார்கள் என்பதை எழுதும் வழக்கம் அதற்கு இல்லை. சிலை ஓர் அரசுத் துறையின் கட்டடத்துக்குள் நுழைந்த கணமே அதன் வரலாறு அந்தக் கட்டடத்தின் வரலாறாகச் சுருங்கிவிட்டது. எந்தக் கட்சி மண்டபத்தைத் திறந்திருந்தாலும் இந்தச் சுருக்கம் நிகழ்ந்திருக்கும். வன்மம் இருந்திருக்கலாம், வன்மம் இல்லாமலும் இதே விளைவு வந்திருக்கும் என்பதே என் வாதம்.

இதற்குத் துணைச்சான்று திறப்பு விழாவையொட்டி எழுந்த பிணக்கு. முதலில் செய்தித் துறை அமைச்சர் கடம்பூர் ராஜு திறப்பதாக அறிவிப்பு வந்தது. முதலமைச்சரே திறக்கவேண்டும் என்று குடும்பத்தினர் கேட்டார்கள். கடைசியில் துணை முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் திறந்தார். ஆளும் தரப்புக்கும் குடும்பத்துக்கும் நடந்த இந்த இழுபறியில் கருணாநிதியின் பெயருக்கு இடமே இல்லை. ஆனாலும் பொருள் அதே பொருள்தான்: கல்லில் யார் பெயர் வரும்? பெயர்ச் சண்டை கட்சிகளுக்கிடையே மட்டும் நடப்பதாக வைத்துக்கொண்டால் இந்தப் பிணக்கை எங்கே வைப்பது?

பீடத்தை நாமும் படிப்போம், ஆனால் அதில் இல்லாதவற்றுக்காக. வார்த்த சிற்பி யார், செலவு எவ்வளவு, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, மழைக்கும் உப்புக்காற்றுக்கும் பிறகு அதைத் துடைக்க வேண்டியவர் யார் என்பவற்றை நம் நகரத்துச் சிலைப் பீடங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. திறந்தவரின் பெயரும் நாளும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். கல்லில் எழுதும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. எனவே இது எழுதத் தெரியாததால் வந்த குறையும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், அவனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளை முழம், விரல் என உயரம் அளந்து, எத்தனை கை என்று எண்ணிப் பதிவுசெய்கின்றன. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, எந்த இடையர் பொறுப்பு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்று பராமரிப்பும் அதே கல்லில் இருக்கிறது. அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர்: மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது வாங்கியவர் கடமை. அரசனின் புகழும் அங்கே உண்டு, நிறையவே உண்டு. ஆனால் புகழை எழுதிய அதே கல் நாளைய செலவையும் எழுதியது. (திருமேனிகளை வார்த்தவர்களின் பெயர்களை அங்கும் தேடவேண்டித்தான் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை மட்டும் நாம் விடாமல் காப்பாற்றி வருகிறோம்.)

கோயிலையும் சாலைச் சந்திப்பையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வழிபாட்டுப் பொருளுக்கும் நினைவுச் சின்னத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்ததே. என் ஒப்பீடு ஆவணத்தின் அமைப்பைப் பற்றியது, அதற்கு அந்த வேறுபாடு தடையாகாது. மற்றொரு மறுப்பும் உண்டு: இவையெல்லாம் கட்சிச் சிலைகள், கலையல்ல, எனவே பொதுக்கலையைப் பற்றிய விவாதத்தில் சேரா என்பது. நகரம் தன் பணத்தில், தன் நிலத்தில், எல்லோரும் பார்க்க நிறுத்திய உருவம் பொதுக்கலை இல்லையென்றால் வேறு எது? தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையும் 1959-இல் அரசு முடிவெடுத்து நிறுவியதுதான். தரம் பற்றிய தீர்ப்பு வேறு கேள்வி.

பீடம் பராமரிப்பைச் சொல்லாததன் விளைவு சாலையில் தெரிகிறது. சாலை ஒரு துறையுடையது, போக்குவரத்து காவல்துறையுடையது, சிலையை நிறுவியது அரசு, மாலை போடுவது இரசிகர் மன்றமும் கட்சியும். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் முன்பு ஏணி வரும், தண்ணீர் வரும். மற்ற நாள்களில் சிலை காக்கைக்கு உரியது. நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, சிலை அங்கேயே நிற்கவேண்டும் என்று வாதாடத் தன் பொறுப்பில் வைத்திருந்த ஒரு துறை இல்லை. இரசிகர் அமைப்பு வாதாடியது. ஆனால் அது உடைமையாளர் அன்று. இடத்துக்குச் சொந்தக்காரர் பலராக இருந்த சிலை, தனக்குச் சொந்தக்காரர் இல்லாததால் தோற்றது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் நிலைமை மாறிவிட்டது. மண்டபம் நிற்பது துர்காபாய் தேஷ்முக் சாலையில், ஆந்திர மகிள சபாவுக்கு எதிரே. அரசு ஆவணமும் பத்திரிகையும் அதை அடையாறு என்கின்றன; நிற்பதோ ஆற்றின் வடகரையில். மண்டபத்துக்கு மதில் உண்டு, வாயில் உண்டு, நேரம் உண்டு, செய்தி மக்கள் தொடர்புத் துறை உண்டு. பராமரிப்பு ஒரு துறையின் ஆண்டுச் செலவில் சேர்ந்துவிட்டது. சிலை முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது. முன்னைவிடக் குறைவானவர்கள் பார்க்கிறார்கள். சந்திப்பில் நின்றபோது பேருந்தில் போகிறவருக்குக்கூடத் தெரிந்தது. இப்போது பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்துப் போகிறவருக்குத்தான் தெரியும்.

இது சிவாஜி சிலைக்கு மட்டும் நேர்ந்ததா? உச்ச நீதிமன்றத்தின் 2013 உத்தரவுக்குப் பின் சென்னையில் அரசு வைத்த முக்கியமான சிலைகளை வரிசையாகப் பாருங்கள். 2021 ஜனவரியில் ஜெயலலிதாவின் சிலை காமராசர் சாலையிலுள்ள உயர்கல்வி மன்ற வளாகத்துக்குள். 2022 மே 28 அன்று கருணாநிதியின் சிலை ஓமந்தூரார் அரசினர் தோட்ட வளாகத்துக்குள். 2023 நவம்பரில் வி.பி. சிங் சிலை மாநிலக் கல்லூரி வளாகத்துக்குள். முதலாவது அ.தி.மு.க. ஆட்சி, மற்ற இரண்டும் தி.மு.க. ஆட்சி. யாருக்குச் சிலை என்பதைக் கட்சிதான் தீர்மானித்தது. அதை நான் மறுக்கவில்லை. எங்கே என்பதை இரு கட்சிகளுக்கும் சுற்றுச்சுவர் தீர்மானித்தது. தன் தலைவருக்கே சாலைச் சந்திப்பைத் தராத ஆட்சி, சிவாஜியைச் சந்திப்புக்குத் திருப்பிக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்தது கோட்பாட்டின் பிழை.

வளாகத்துக்குள் அனுப்பும் வழக்கமும் புதிதன்று. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய கர்னல் நீலின் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்ற 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. இதையும் ஆட்சி மாற்றத்தின் முன்னோடியாகவே படித்து வந்திருக்கிறார்கள். ஆட்சி மாற்றம் என்பது சரி. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். உடைக்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. கண்ணகி ஒதுங்கியதும் அதே அருங்காட்சியகத்தில்தான். மண்டபம் என்பது சிவாஜிக்கென்று தனியாகக் கட்டிய அருங்காட்சியகம்.

2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் தந்த உத்தரவை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். பொது இடங்களிலுள்ள தலைவர் சிலைகளைக் கண்டறிந்து அகற்றி, தலைவர்கள் பூங்கா அமைத்து அங்கே வைக்கவேண்டும், பராமரிப்புச் செலவை நிறுவியவர்களிடம் வாங்கவேண்டும் என்றது அது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சிலைக்கு நடந்ததை மாநிலம் முழுதுக்கும் முறையாக்கும் உத்தரவு இது. இடத்தைப் பற்றிய பகுதி எனக்கு உவப்பில்லை: பேருந்து நிறுத்தத்துச் சிலையைப் பூங்காவுக்கு அனுப்பினால் அது வேறு சிலை ஆகிவிடுகிறது, குறிப்பாக ஊர்ப்புறத்து அம்பேத்கர் சிலைகள், நிற்கும் இடத்தினாலேயே பொருள் பெறுபவை. செலவைப் பற்றிய பகுதி வேறு. நிறுவும்போதே இதைத் துடைக்கப்போவது யார், எந்தக் கணக்கில் என்று கேட்கும் வழியை அது திறக்கிறது. அமைப்புகளிடமும் கட்சிகளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பது எளிது. 2006-இல் காமராசர் சாலையில் நிறுவியது அரசு. அங்கே கேள்வி அரசாணை எழுதுகிறவரிடமே போகிறது. பெயர் விடுபட்டதைக் கண்டித்தவர்களும் விட்டவர்களும் தங்கள் அரசாணைகளில் அந்த ஒரு வரியைச் சேர்த்தால், பீடத்தில் திறந்தவரின் பெயருக்குக் கீழே எழுத வேறொன்றும் கிடைக்கும்.