ஹாலந்துப் பஞ்சமும் கருவிலிருந்த குழந்தைகளும்

ஐம்பது வயதில் ஒருவருக்கு நீரிழிவோ மாரடைப்போ கண்டால், நம்மவர் கூறும் காரணங்கள் இரண்டே. ஒன்று அவர் உண்ட உணவு. மற்றொன்று அவர் தலையெழுத்து. அவரைக் கருவிற் சுமந்த காலத்தில் தாய் என்ன உண்டாள் என்று கேட்பாரைக் காண்பது அரிது. அக்கேள்விக்கு விடை தந்தது புராணமன்று, சரித்திரமே. அதனை வாசகர்கட்கு எடுத்துரைக்க முற்பட்டோம்.

1944-ஆம் ஆண்டு செப்டம்பரில் நேசநாட்டுப் படைகள் ஹாலந்து தேசத்துட் புகுந்தன. அவற்றுக்குத் துணையாக, லண்டனில் தங்கியிருந்த டச்சு அரசாங்கம் ரயில்வேத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யுமாறு வேண்ட, அவர்களும் அவ்வாறே செய்தனர். படைகளோ ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க மாட்டாமல் பின்வாங்கின. தேசத்தின் மேற்குப் பகுதி ஜெர்மானியர் வசமே இருந்தது. வேலைநிறுத்தத்துக்குத் தண்டனையாக அவர்கள் அப்பகுதிக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தனர். நவம்பரில் தடை சிறிது தளர்ந்து, படகில் உணவு கொண்டுவரலாம் என்றாயிற்று. பின்னர்க் கால்வாய்கள் பனிக்கட்டியாய் உறைந்துபோயின.

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1943 டிசம்பரில் ஆளொன்றுக்கு நாள்தோறும் ஏறக்குறைய 1,800 கலோரி பங்கீடு கிடைத்து வந்தது. 1944 நவம்பர் முடிவில் அஃது 1,000-க்குக் கீழே இறங்கிற்று. டிசம்பர் முதல் அடுத்த ஏப்ரல் வரை 400-க்கும் 800-க்கும் இடையே நின்றது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும் சர்க்கரைப் பீட்டையும் வேகவைத்துத் தின்றனர். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கால் உயிர் பிடித்திருந்த மலாயாக் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுமார் 20,000 பேர் மாண்டனர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு மட்டும் 1,000 கலோரிக்குக் குறையாமல் காக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் கூடுதற் பங்கு உண்டென்பது விதிதான். பஞ்சம் முற்றியபோது கொடுக்கப் பொருளில்லை. பிறந்த குழந்தைக்குத் தனிப் பங்கு இருந்தது. பிறவாத குழந்தைக்குத் தாயின் பங்கே பங்கு.

பஞ்சங்கள் உலகத்துக்குப் புதியனவல்ல. இப்பஞ்சத்தின் புதுமை யாதெனின், தொடக்கமும் முடிவும் திட்டமாகத் தெரிந்தமையும், மருத்துவச்சியர் அக்குளிரிலும் பதிவேட்டை மூடாமையுமாம். வில்ஹெல்மினா ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் எடை முதலிய விவரங்கள் ஒழுங்காக எழுதப்பட்டு வந்தன. ஏடெழுதிப் பிழைக்கும் தோட்டக் கிராணியாகிய நமக்கு, இச்சரித்திரத்தில் அப்பெண்களின் எழுத்து வேலையே பெரிதாய்த் தோன்றுகிறது. பிறந்த தேதியைக் கொண்டு, கருவின் எம்மாதத்திற் பசி தாக்கிற்று என்று கணக்கிட்டுவிடலாமன்றோ?

1976-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ராணுவப் பரிசோதனைக்கு வந்த 19 வயது வாலிபர் மூன்று லட்சம் பேரை ஆராய்ந்தது. கர்ப்பத்தின் முற்பாதியிற் பசிக்கு ஆளானவரிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது. பின்னர், அவ்வாஸ்பத்திரியில் 1943 நவம்பர் முதல் 1947 பிப்ரவரி வரை பிறந்த 2,414 குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, அவர்களுட் பலரை ஐம்பது வயதளவிற் பரிசோதித்தனர். கடைசி மாதங்களிற் பசி கண்ட சிசுக்கள் 200 முதல் 300 கிராம் வரை எடை குறைந்து பிறந்திருந்தன. அவர்களுக்கு இப்போது ரத்தத்திற் சர்க்கரை ஏறியிருந்தது. முதல் மாதங்களிற் பசி கண்டவரோ குறைவற்ற எடையுடன் பிறந்தவர். அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இருதய நோய். பஞ்சம் தீண்டாதவரில் அது மூன்று. 2008-இல் வந்த ஆராய்ச்சி, உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டபோது, அறுபது ஆண்டு கழித்தும் வளர்ச்சிக்குரிய ஒரு ஜீனின்மேல் ரசாயன அடையாளம் குறைந்திருந்ததைக் காட்டிற்று.

இதனைக் கேட்டவுடன் கர்ப்பிணியைக் கண்டிக்கப் புறப்படுவோர் உண்டு. ஆம்ஸ்டர்டாம் பெண்கள் உண்ண மறுத்தவரல்லர். அவர்கட்கு உணவு மறுக்கப்பட்டது. நம் வீடுகளிலோ யுத்தமுமில்லை, முற்றுகையுமில்லை; எல்லாரும் உண்டெழுந்தபின் சட்டியில் எஞ்சியதைக் கர்ப்பிணி உண்பதைப் பொறுமைக் குணமென்று புகழ்வோர் இன்னும் இருக்கின்றனர்.

லெனின்கிராடு நகரம் 1941 முதல் 1944 வரை இதனினும் கொடிய முற்றுகையிற் கிடந்தது. அங்கே கருவிற் பசித்தவரை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவில், சர்க்கரை விஷயத்தில் வேற்றுமை காணப்படவில்லை. இஃது ஏன்? ஹாலந்தில் 1945 மே மாதம் விடுதலை வந்தது. ஜூனிலேயே பங்கீடு 2,000 கலோரியைத் தாண்டிற்று. லெனின்கிராட்டில் முற்றுகைக்கு முன்னும் பின்னும் உணவுக்குறை நீடித்தது. பற்றாக்குறைக்கென அமைந்த உடல் திடீரென நிறைவைச் சந்தித்ததே ஹாலந்தில் நோய்க்கு வித்தாயிற்று என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.