ஆபாசப் படப் பழக்கமும் மீட்புக் குழுக்களும்: மும்பை

ஆபாசப் படம் பார்ப்பதை விடவோ குறைக்கவோ பலமுறை முயன்றும் முடியாமல், அதனால் உறக்கம், வேலை, படிப்பு, மணவாழ்க்கை ஆகியவை சீர்குலையும் நிலையை இன்றைய மருத்துவம் ‘கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்னும் வகையில் சேர்க்கிறது. இப்பழக்கத்தில் சிக்கியவர்கள் தங்கள் அடையாளத்தை வெளியிடாமல் கூடி, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்புகளே மீட்புக் குழுக்கள். முதலில் நேர்க்கூட்டங்களாகத் தோன்றிய இவை பின்னர் இணையத்துக்குப் பரவின. இந்தியாவில் இப்பொருளை ஆராய்பவர் மும்பையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத பாலியல் ஐயத்தை ஒருவர் கடிதத்தில் எழுதிக் கேட்கவும், அச்சில் நேர்மையான பதில் பெறவும் வழி திறந்த நகரம் அது. அந்த வழியைத் திறந்தவர் நீதிமன்றத்தில் தண்டம் கட்டியதும் அதே நகரத்தில்தான்.

முன்வரலாறு

ரகுநாத் தோண்டோ கார்வே (1882–1953), பெண்கல்விக்கு உழைத்த பாரத ரத்னா தோண்டோ கேசவ் கார்வேயின் மூத்த மகன். மும்பை வில்சன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தார். லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனையைத் தொடங்கிய 1921ஆம் ஆண்டிலேயே கார்வேயும் மும்பையில் அத்தகைய ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கர்ப்பத்தடைப் பிரசாரத்தைக் கைவிட மறுத்ததால் 1925இல் கல்லூரி வேலை போயிற்று. 1927 ஜூலையில் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கி, இறக்கும்வரை ஏறத்தாழத் தனியாளாகவே நடத்தினார். தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம் கர்ப்பத்தடையை மேடைதோறும் பேசிக்கொண்டிருந்த காலமும் இதுவே. பெரியாரின் ‘கர்ப்ப ஆட்சி’ 1936இல் நூலாக வந்தது. இரு முயற்சிகளுக்கும் இருந்த ஒற்றுமையைத் தமிழில் எழுதியோர் போதிய அளவு கவனிக்கவில்லை.

இதழின் உயிர்நாடி வாசகர் கேள்வி-பதில் பகுதி. கைப்பழக்கம் உடலைக் கெடுக்குமா, தூக்கத்தில் விந்து வெளியேறினால் ஆயுள் குறையுமா, தன்பால் நாட்டம் நோயா என்றெல்லாம் வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். கார்வே மழுப்பாமல் பதில் எழுதினார். சுய இன்பத்தால் உடலுக்குக் கேடில்லை என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. அட்டையில் ஆடையற்ற பெண்ணுருவப் படங்களை அச்சிட்டது எதிரிகளின் வேலையை எளிதாக்கிற்று. 1931இல் ஒரு கட்டுரைக்காக வழக்குத் தொடரப்பட்டு 100 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. 1934இல் மீண்டும் வழக்கு. இம்முறை குற்றம் சாட்டப்பட்டது வாசகர் கேள்விகளுக்கு அவர் தந்த பதில்களே.

இரண்டாம் வழக்கில் கார்வேக்காக வாதாடியவர் பி. ஆர். அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசம் ஆகாது, வாசகர் கேட்டால் பதில் சொல்வது அத்தகைய இதழின் கடமை, அறியாமையால் வரும் கேட்டை அறிவால்தான் நீக்க முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். வாதம் எடுபடவில்லை, கார்வேக்கு 200 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. தீண்டாமைக்கும் அரசியலுரிமைக்கும் போராடிக்கொண்டிருந்த ஒரு தலைவர், தம் பெயருக்கு எந்தப் பெருமையும் சேர்க்காத இந்த வழக்கைக் கையிலெடுத்தது அவர் வாழ்வின் துணிவான செயல்களுள் ஒன்று.

அதே 1934இல் மருத்துவர் ஏ. பி. பிள்ளை மும்பையிலிருந்து ‘மேரேஜ் ஹைஜீன்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1947இல் அது ‘இண்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் செக்ஸாலஜி’ என்று புதுப்பிறவி எடுத்தது. பெண்ணின் பாலின்பம் பற்றி எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் எழுதி, உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை 1950இல் இந்த மும்பை இதழில்தான் வெளிவந்தது. 1949இல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் மும்பையில் நிறுவப்பட்டது. தன்வந்தி ராமராவும் கொழும்பில் பிறந்த அவாபாய் வாடியாவும் அதன் முன்னோடிகள். பின்னர் அச்சங்கத்தின் பாலியல் கல்விப் பணியில் ஈடுபட்ட மருத்துவர் மகிந்தர் வாட்சா, 80 வயதைக் கடந்தபின் 2005 முதல் ‘மும்பை மிரர்’ நாளிதழில் கேள்வி-பதில் பகுதி எழுதினார். 2020 டிசம்பரில் 96ஆம் வயதில் காலமானார். கார்வேயின் வாசகர் 1933இல் கேட்டதையே வாட்சாவின் வாசகரும் கேட்டார். எழுபது ஆண்டுகளாகக் கேள்வி மாறவில்லை என்பதிலிருந்தே இடைப்பட்ட பள்ளிக் கல்வியின் நிலையை அறியலாம்.

அச்சத்தின் வணிகம்

கேள்வி மாறாததற்கு இன்னொரு காரணம், அதை மாறவிடாமல் காத்த வணிகம். சுய இன்பம் நரம்பைக் கெடுக்கும் என்ற கருத்தை ஐரோப்பாவில் பரப்பியவர் 18ஆம் நூற்றாண்டின் சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸ்ஸோ. இந்தியாவில் அது ‘ஒரு துளி விந்து பல துளி ரத்தம்’ என்ற பழைய நம்பிக்கையோடு கலந்து வேரூன்றியது. விந்து வீணாவதாக அஞ்சி உடல் தளர்ந்துபோகும் நிலைக்கு மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டார். தமிழ் இளைஞர் இதை ‘நரம்புத் தளர்ச்சி’ என்பார். ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று தொடங்கும் விளம்பரங்களும், லாட்ஜில் அறையெடுத்து ஊர் ஊராக ‘விஜயம்’ செய்யும் வைத்தியர்களும், மும்பை மின்ரயில் பெட்டிகளில் ஒட்டப்படும் ‘குப்த் ரோக்’ (ரகசிய நோய்) துண்டுத்தாள்களும் ஒரே அச்சத்தை விற்பவை. பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. தடை தாளில் நிற்கிறது, துண்டுத்தாள் ரயிலில் ஒட்டியிருக்கிறது.

இந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய பழக்கச் சிக்கலைப் புரிந்துகொள்ள இயலாது. ‘நான் அடிமையாகிவிட்டேன்’ என்று வருபவர்களுள் ஒரு பகுதியினர் உண்மையில் கட்டுப்பாட்டை இழந்தவர்கள். மற்றொரு பகுதியினர் எப்போதாவது பார்த்துவிட்டு அவமானத்தில் உருகுபவர்கள். இரு பகுதியினருக்கும் தேவைப்படும் உதவி வெவ்வேறு.

வகைப்பாடு

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ‘மிகைப் பாலுணர்வுக் கோளாறு’ என்ற வகையைச் சேர்க்கும் முன்மொழிவு ஏற்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல் 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு 6C72 என்ற குறியீட்டுடன், உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின்கீழ் இடம்பெற்றுள்ளது. மது, போதைப்பொருள், சூதாட்டம் ஆகியவை உள்ள அடிமைப் பழக்கப் பிரிவில் அது வைக்கப்படவில்லை. ஆகவே ஆபாசப் பட ‘அடிமை’ என்ற வழக்குக்கு இந்த அதிகாரப்பூர்வ வகைப்பாட்டில் இடமில்லை.

கோளாறு என்று கொள்வதற்கு ஐ.சி.டி.-11 கூறும் அளவைகள் கடுமையானவை. உந்துதலை அடக்க இயலாமை ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். உடல்நலத்தையும் பொறுப்புகளையும் புறக்கணித்து அதுவே வாழ்வின் மையமாகியிருத்தல், பலமுறை முயன்றும் குறைக்க முடியாமை, கேடு விளைந்தும் தொடர்தல், இன்பமே கிட்டாத நிலையிலும் தொடர்தல் ஆகியவை பிற அடையாளங்கள். ‘இது பாவம்’ என்ற ஒழுக்கக் கண்டனத்தால் மட்டுமே ஒருவர் வருந்துகிறார் என்றால் அதைக் கோளாறாகக் கொள்ளலாகாது என்று வரையறை வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த விதிவிலக்கே வகைப்பாட்டின் மிகச் சிறந்த பகுதி. சமயப் பற்றும் ஒழுக்கக் கண்டனமும் மிகுந்தவர்கள், குறைவாகப் பார்த்தாலும் தங்களை அடிமைகளாக எண்ணுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸ் தொடர் ஆய்வுகளில் காட்டியுள்ளார். கேம்பிரிட்ஜில் வலேரி வூன் 2014இல் 19 பேரிடம் செய்த மூளைப் படப் பரிசோதனை அடிமைக் கொள்கைக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவது பொருத்தமன்று.

சிகிச்சையில் அறிவுசார் நடத்தை முறை முதலிடம் பெறுகிறது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை ஃபோனைத் தேடுகிறது என்று குறித்துவைப்பது அதன் முதல் படி. பெரும்பாலும் ஆசையைவிடத் தனிமையும் களைப்பும் சலிப்புமே அந்தக் குறிப்பேட்டில் நிறைந்திருக்கும்.

மீட்புக் குழுக்கள்

நேர்க்கூட்ட மீட்புக் குழுக்களுக்கு மூலம் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றிய, குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் மீட்பு நெறியான பன்னிரண்டு படிகளைப் பாலியல் நடத்தைக்குப் பொருத்தி, 1976இல் பாஸ்டனிலும் 1977இல் மினியாபொலிஸிலும் தனித்தனிக் குழுக்கள் எழுந்தன. செக்ஸஹாலிக்ஸ் அனானிமஸ் 1979இல் தோன்றியது. சுய இன்பமும் மணத்துக்கு வெளியிலான உறவும் கூடாது என்பது கடைசியாகச் சொன்ன குழுவின் விதி. மினியாபொலிஸ் குழு எதை விலக்குவது என்பதை அந்தந்த உறுப்பினரே தீர்மானிக்க விடுகிறது. ஐயமின்றி இரண்டாவதே மனிதத்தன்மை மிக்க வழி.

மும்பைக்கு இந்தப் பன்னிரண்டு படி முறை புதிதன்று. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தேவாலய அறைகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. பாதிரியார் ஜோ பெரைரா 1981இல் பாந்த்ராவில் தொடங்கிய ‘கிருபா’ அறக்கட்டளை பன்னிரண்டு படிகளோடு ஐயங்கார் யோகத்தையும் சேர்த்தது. இவ்வகைக் கூட்டங்களின் நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. வட்டமாக நாற்காலிகள். முதற்பெயர் மட்டும் சொல்லி ஒருவர் பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை. முடித்தபின் அறிவுரையும் சொல்வதில்லை, அடுத்தவர் தம் கதையைத் தொடங்குவார். கட்டணம் கிடையாது, செலவுக்கு உண்டியல் சுற்றி வரும். மூத்த உறுப்பினர் ஒருவர் ‘ஸ்பான்சர்’ ஆக இருப்பார். நள்ளிரவில் தடுமாறினாலும் அவருக்கு ஃபோன் செய்யலாம். மற்றவர் தன்னை எடைபோடாமல் கேட்டார் என்பதே பலருக்கு அங்கே கிடைக்கும் முதல் மருந்து.

இணையக் குழுக்களில் பெரும்புகழ் பெற்றது 2011இல் பிட்ஸ்பர்க் நகர இணையதள உருவாக்குநர் அலெக்சாண்டர் ரோட்ஸ் தொடங்கிய ‘நோஃபேப்’. பெயர் தெரியாமல் எழுதலாம், எந்நேரமும் யாராவது விழித்திருப்பார் என்பவை இணையத்தின் வலிமை. 90 நாள் விலகியிருந்தால் மூளை ‘ரீபூட்’ ஆகும் என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியது. அந்த எண்ணுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நாள் எண்ணும் முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருநாள் சறுக்கினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. எல்லாம் போயிற்று என்ற வெறுப்பில் அன்றிரவே பழக்கம் கட்டவிழ்ந்து ஓடுகிறது. குடிப்பழக்கத்தில் இதே சுழலை உளவியலாளர் ஆலன் மார்லட் முன்னரே விளக்கியிருக்கிறார். இந்தியாவில் இக்குழுக்கள் பிரம்மச்சரியப் பேச்சோடு கலந்துவிட்டன. விந்தைக் காத்தால் முகத்தில் தேஜஸ், நினைவாற்றல், பரீட்சையில் வெற்றி என்று வீடியோக்கள் உறுதியளிக்கின்றன. கார்வே எதிர்த்த அதே அச்சம் மீட்பு என்ற பெயரில் திரும்பி வந்திருப்பது வேதனைக்குரியது.

சட்டம்

தனியறையில் வயது வந்தோர் படம் பார்ப்பதை மட்டும் குற்றமாக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. வெளியிடுவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளின்படி குற்றம். மத்திய அரசு 2015இல் 857 தளங்களை முடக்கச் சொல்லிச் சில நாளில் பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 827 தளங்கள் முடக்கப்பட்டன. குழந்தைகள் தொடர்பான படங்களுக்கு எந்த விலக்கும் இல்லை. அவற்றைத் தேடிப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமே என்பதை, சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை ரத்து செய்து, உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று தெளிவாக்கியது. முறையான பாலியல் கல்வியின் தேவையையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

தாராவி, மாதுங்கா, செம்பூர்

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தோரின் வழிவந்த தமிழர் மும்பையின் தாராவியில் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஒரே அறை, அதற்குள் ஐந்தாறு பேர், மேலே பரண்போல ஏற்றிய இன்னொரு தட்டு. இத்தகைய வீட்டில் தனிமை என்பது போர்வைக்குள் இருக்கும் ஃபோன் திரை மட்டுமே. முன்பு வீடியோ பார்லர், பிறகு சி.டி., பிறகு மெமரி கார்டில் படம் ஏற்றித் தரும் ரீசார்ஜ் கடை என்று வந்த பழக்கம், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தபின் கைக்குள் வந்துவிட்டது. மாதுங்கா, செம்பூர் நடுத்தர வீடுகளில் தனியறை உண்டு. பேசுவதற்கு ஆள் இல்லாத குறை அங்கும் அதேதான்.

தாராவியிலிருந்து மிக அருகில் உள்ளது சயான் மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பழக்கம் வீட்டில் வன்முறையாக மாறும்போது பெண்கள் நாடக்கூடிய ஆலோசனை மையத்தை ‘ஸ்நேகா’ அமைப்பு தாராவியில் நடத்துகிறது. செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012 முதல் ‘ஐகால்’ தொலைபேசி ஆலோசனையை அளிக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கலுக்கென 2014 முதல் ‘ஷட்’ கிளினிக் இயங்குகிறது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், மொழித் தேர்வில் தமிழும் உண்டு.