கைக்கு இசைந்த படைக்கலம்

சங்க இலக்கியம் கற்பிக்கும் தமிழாசிரியருள் புறநானூற்றின் 95ஆம் பாட்டினை விளக்காதவர் இருத்தல் அரிது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டு அது. அங்கே படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசப்பெற்றுப் பழுதின்றிக் காக்கப்பட்டிருந்தன. அதியமானின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடந்தன. புகழ்வது போலப் பழிக்கும் நயத்துக்காகவே அப்பாட்டை நாம் பெரிதும் போற்றுகிறோம். எனினும் போர்த்தொழில் பற்றிய ஓர் உண்மையும் அதனுள் பொதிந்துள்ளது. படைக்கலத்தின் தகுதியைக் கொட்டில் காட்டாது. களமும், அதனைத் தாங்கிய கையுமே காட்டும்.

கோலாலம்பூரில் உள்ள அரச மலேசியக் காவல்துறை அரும்பொருளகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அங்கே பலவகைத் துப்பாக்கிகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதைக் காண்பர். மாணவரும் அவற்றை வியந்து பார்ப்பர். ஆயினும் நாம் கேட்கத் தவறும் வினாக்கள் இரண்டு உள. இதனைத் தோளில் சுமந்தவன் இதனை விரும்பினானா? விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவனுக்கு இருந்ததா? இவ்விரு வினாக்களுக்கும் இம்மண்ணின் வரலாற்றிலேயே விடை காண முயல்வோம்.

மலாயாத் தோட்டத் தமிழர், துப்பாக்கியின் குழல்முனையை நேர்நின்று கண்ட நிகழ்ச்சி 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நேர்ந்தது. கூலி உயர்வு வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். தோட்டத்துத் துரையைக் கண்டதும் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும். இவையே பால்மரக் காட்டுத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் சில. மே திங்களில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டபின் கொந்தளிப்பு மிகுந்தது. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அக்காலப் பிரிட்டிஷ் பேரரசின் படைகளுக்குரிய துப்பாக்கி லீ-என்பீல்டு ஆகும். அதன் தோட்டாவின் அளவை ஒட்டி, ‘த்ரீ நாட் த்ரீ’ என்றே மக்கள் அதனை வழங்கினர். 1907ஆம் ஆண்டில் வடிவம் பெற்ற அதன் மூன்றாம் வகை ஏறத்தாழ 113 சென்டிமீட்டர் நீளமும் 4 கிலோ எடையும் உடையது. பத்துத் தோட்டாக்களை ஒருங்கே கொள்ளும். தாழை இழுத்துத் தள்ளும் வேகத்தில் அதற்கு இணை அக்காலத்தில் மிகச் சிலவே. சேறும் மழையும் அதனை எளிதில் முடக்கா. ஆகவே வீரர் அதனை நம்பினர். ஆனால், 2,000 கசம் வரை குறி வைப்பதற்கு ஏற்றவாறு அளவுகள் பொறிக்கப்பெற்ற அத்துப்பாக்கி, பரந்த வெளிகளை எண்ணிச் செய்யப்பட்டது. மலாயாக் காட்டில் இருபது முப்பது கசத்துக்கு அப்பால் மனிதனையே காண இயலாத இடங்கள் பல.

1941 டிசம்பர் 8ஆம் நாள் கிளந்தான் கரையில் இறங்கிய சப்பானியரின் துப்பாக்கி அதனினும் நீண்டது. 1905ஆம் ஆண்டின் அரிசாக்கா வகை 128 சென்டிமீட்டர் நீளமுடையது. முனைக்கத்தியைப் பொருத்திவிட்டால் அதனைத் தாங்கிய வீரர் பலரைவிட அது உயரமாக நிற்கும். ஆயினும் அதற்கும் ஒரு சிறப்பு உண்டு. சிறிய தோட்டாவும் நீண்ட குழலும் சேர்ந்தமையால் சுடும்போது தீப்பொறி குறைவு. தோளில் விழும் உதையும் குறைவு. மறைந்திருந்து சுடுவோர் அதனை விரும்பியது இதனாலேயே. ஒரே கருவியின் நீளம் ஒருவனுக்குச் சுமையாகவும் மற்றொருவனுக்குக் காப்பாகவும் அமைதல் காண்க.

1942 சனவரி 11இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. சரணடைந்த பிரிட்டிஷ் படையின் படைக்கலங்கள் பெருந்தொகையாகச் சப்பானியர் வசமாயின. அவற்றிலிருந்தே இந்திய தேசிய இராணுவத்துக்குத் துப்பாக்கிகள் கிடைத்தன. 1943 சூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், மலாயாவின் நகரங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் தமிழ் இளைஞர் திரளாகச் சேர்ந்தனர். நேற்றுவரை பால்மரம் சீவும் கத்தியைப் பிடித்த கை, அன்று லீ-என்பீல்டைப் பிடித்தது. கிள்ளானில் தம்மினத்தாரை அச்சுறுத்திய பேரரசின் துப்பாக்கியையே அப்பேரரசுக்கு எதிராக ஏந்தினர்.

ஆனால் அத்துப்பாக்கி அவர்கள் தேர்ந்தது அன்று, கிடைத்தது. அதனால் விளைந்த இடர் ஒன்றையும் நோக்குதல் வேண்டும். சப்பானியத் தரைப்படை தன் துப்பாக்கிகளுக்கு வழங்கிய தோட்டாக்கள் லீ-என்பீல்டுக்குப் பொருந்தா. எனவே கைப்பற்றிய பிரிட்டிஷ் தோட்டாக்களையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. 1944ஆம் ஆண்டு இம்பால் போர்முனையில் அப்படையினர் பீரங்கியும் போதிய ஊர்திகளும் உணவுமின்றிப் போரிட்டனர். சிறந்த துப்பாக்கியும் தோட்டா தீர்ந்தபின் வெறுந்தடியே. வழங்கும் கை வேறொருவனுடையதாயின், வீரனின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

ஜான்சி ராணிப் படையின் தொடக்கமும் இதே துப்பாக்கியோடுதான் அமைந்தது. 1943 சூலையில் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை அளிப்பதற்காக, மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் ஏறத்தாழ இருபது பெண்களைத் திரட்டினார். அவர்கள் ஏந்தியவை ஆண்களுக்கெனச் செய்யப்பட்ட கனத்த ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிகளே. அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் பிறந்து, பதினெட்டு வயதில் அப்படையில் சேர்ந்து, பின்னர் அதன் தலைமைப் பொறுப்புகளில் ஒன்றை ஏற்றவர் சானகி தேவர். பிற்காலத்தில் சானகி ஆதி நாகப்பன் என்று இந்நாடு அறிந்த அப்பெருமாட்டி, 2014ஆம் ஆண்டு மறைந்தார். புடவை விட்டுக் காற்சட்டை அணிந்த அப்பெண்கள் நான்கு கிலோ எடையை நாள்தோறும் தோளில் ஏற்றினர். அவர்தம் உடலுக்கு ஏற்றதன்று அக்கருவி. எனினும் அவர்கள் அதனை மறுத்திலர்; தாங்கும் உரிமை கிடைத்ததே பெரிதாக இருந்தது.

போர் முடிந்து மூன்றாண்டுகள் ஆகுமுன்னர், 1948 சூனில், மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 சூலை 31 வரை நீண்ட அக்காலத்தில் இந்நாட்டுக் காடு, படைக்கலங்களைச் சோதிக்கும் பெருங்களமாயிற்று. மலாய்ப் படையினரும் கூர்க்கரும் பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் பிஜித் தீவினரும் இங்கே போரிட்டனர். கொடிகளும் முட்புதர்களும் நிறைந்த காட்டில் நாள் முழுதும் நடந்து, எதிரியைச் சில கணமே, சில கசத் தொலைவிலேயே காணும் போர் அது. நீண்ட துப்பாக்கி கொடியில் சிக்கும். கனத்த துப்பாக்கி நடையைத் தளர்த்தும்.

இக்குறை நீங்கவே, 1944ஆம் ஆண்டில் லீ-என்பீல்டின் குறுகிய வடிவம் ஒன்று செய்யப்பட்டிருந்தது. ‘ஐந்தாம் எண்’ துப்பாக்கி என்பது அதன் முறையான பெயர். ‘காட்டுக் கார்பைன்’ என்பது வழக்குப் பெயர். நீளம் ஒரு மீட்டர். எடை ஏறத்தாழ 3.2 கிலோ. குழல் குறுகியதால் ஓசையும் தீப்பொறியும் மிகுந்தன. தோளில் விழும் உதை கடுமையாயிற்று. இன்று திருத்திய குறி நாளை விலகும் என்னும் முறையீடும் எழுந்தது. 1947ஆம் ஆண்டிலேயே அதன் உற்பத்தி நின்றது. அவ்வாறிருந்தும் மலாயாவில் போரிட்டோர் பலர் அதனையே சுமந்தனர். ஐந்நூறு கசத்தில் குறி விலகுவதைப் பற்றி, பதினைந்து கசத்தில் சுடுபவன் ஏன் கவலையுற வேண்டும்? குற்றம் கண்டறிந்தது சோதனைக்கூடம். குணம் கண்டறிந்தது காடு.

இதனால் இலகுவான கருவியையே வீரர் எப்போதும் விரும்புவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஸ்டென், ஓவன் என்னும் இரண்டு சிறு இயந்திரத் துப்பாக்கிகளை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். 1941ஆம் ஆண்டில், இங்கிலாந்து நெருக்கடியில் இருந்தபோது, மலிவாகவும் விரைவாகவும் செய்யப்பட்டது ஸ்டென். எடையும் குறைவே. ஆனால் தோட்டா இடையில் சிக்கிக்கொள்வதும், கீழே விழுந்தால் தானே வெடிப்பதும் அதன் தீராக் குறைகள். ஓவன், ஆஸ்திரேலிய இளைஞர் எவலின் ஓவன் உருவாக்கியது. முதலில் அந்நாட்டுப் படைத்துறை அதனை ஏற்கவில்லை. பின்னர் மணலிலும் சேற்றிலும் இட்டுச் சோதித்தபோது, மற்றவை முடங்க, ஓவன் தொடர்ந்து சுட்டது. தோட்டாப் பெட்டி அதன் மேற்புறத்தில் செங்குத்தாக நிற்கும். வெற்றுறைகள் கீழ்ப்புறமாக விழும். சேறு உட்புகினும் வெளியேறிவிடும். எடை நான்கு கிலோவுக்கு மேல், தோற்றமோ அழகற்றது. ஆயினும் காட்டில் அதனைப் பயன்படுத்தியோர் அதன்பால் பெரும்பற்று வைத்தனர். உயிர் போகும் வேளையில் ஏமாற்றாத தோழனின் கனத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.

அமெரிக்க எம்-1 கார்பைனும் மலாயாவில் புழங்கிற்று. எடை ஏறத்தாழ 2.4 கிலோவே, பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும். அதன் இலகு பலரைக் கவர்ந்தது. குண்டின் வலிமை போதாது என்னும் குறை சிலரிடம் இருந்தது. காட்டுப்பாதையில் முன்செல்லும் வீரர் சிலர் கையில் வேட்டைத் துப்பாக்கியும் இருந்தது. குறுகிய தொலைவில், குறி பார்க்க நேரமின்றிச் சுடுகையில், சிதறிப் பாயும் ஈயக்குண்டுகள் ஒற்றைக் குண்டினும் தப்பாது தாக்கும். பன்றியை விரட்டும் கருவியென்று ஏளனம் செய்யப்பட்டது, அங்கே படைக்கலமாகத் தகுதி பெற்றது.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது. அதன்பின் நிகழ்ந்த ஒரு செய்தி நம் கருத்துக்கு உரியது. 1959 செப்டம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம், ஏ.ஆர்-15 என்னும் புதுவகைத் துப்பாக்கியின் முதல் விற்பனையைச் செய்தது. அதனை வாங்கியது அமெரிக்கப் படையன்று, மலாயாக் கூட்டரசே.  பிற்காலத்தில் எம்-16 என்று உலகெங்கும் பெயர் பெற்றது இவ்வகையே. அக்காலத்துப் பிரிட்டிஷ் எஸ்.எல்.ஆர். 114 சென்டிமீட்டர் நீளமும் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையது. ஏ.ஆர்-15 ஒரு மீட்டருக்குட்பட்ட நீளமும் மூன்று கிலோ அளவு எடையும் உடையது. அதன் தோட்டாவும் ஏறத்தாழப் பாதி எடையே. எனவே அதே சுமையில் இருமடங்கு தோட்டாக்களை எடுத்துச் செல்லலாம். 1963 முதல் 1966 வரை நீடித்த இந்தோனேசிய மோதலின்போது, போர்னியோக் காடுகளில் பிரிட்டிஷ் வீரர் சிலரும் இதனையே நாடினர்.

ஆயினும் இக்கருவியே நம்பிக்கையிழந்த வரலாறும் உண்டு. 1960ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியில் வியட்நாமில் அமெரிக்க வீரருக்கு இது பெருமளவில் வழங்கப்பட்டபோது, வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டது. குழலறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துப்புரவுக் கருவிகளும் போதிய அளவில் தரப்படவில்லை. போரின் நடுவே துப்பாக்கிகள் முடங்கின. வீரர் பலர் மாண்டனர். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று இதனை ஆராய்ந்து கண்டித்தது. பிழை கருவியில் மட்டும் இல்லை. சுடுபவனைக் கேளாமல் முடிவெடுத்த மேசையிலும் இருந்தது.

நம் நாட்டில் அம்மேசை களத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது எனலாம். கோலாலம்பூருக்கு வடக்கே, தமிழரும் சீனரும் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த ஊர் பத்து ஆராங். 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. 1969இல் தொடங்கிய வெடிபொருள் நிறுவனத்தின் வழியாக, அவ்வூர் படைக்கலத் தொழிலுக்கு நிலைக்களமாயிற்று. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் துப்பாக்கி, 1991 முதல் உரிமம் பெற்று இந்நாட்டிலேயே செய்யப்பட்டது. தோட்டாப் பெட்டியை விசைக்குப் பின்னால் அமைத்தமையால், குழலைக் குறைக்காமலே மொத்த நீளம் 79 சென்டிமீட்டராகக் குறைந்தது. காட்டுக் கார்பைன் தீர்க்க முயன்று தோற்ற சிக்கலுக்கு இஃது ஒரு விடை.

ஆகவே, வீரனின் விருப்பம் வெறும் மனப்போக்கன்று. களத்தின் தொலைவு, உடலின் ஆற்றல், கருவியின் நம்பகம் ஆகிய மூன்றையும் தன் உயிரை ஈடுவைத்து எடைபோட்டு அவன் சொல்லும் தீர்ப்பு அது. அத்தீர்ப்பைக் கேட்பார் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. கேட்பார் வேண்டுமாயின் படையும் நாடும் தன்னுரிமை உடையனவாக இருத்தல் வேண்டும். இந்திய தேசிய இராணுவத்துத் தமிழிளைஞனுக்கு இல்லாதது வீரமன்று, இந்த உரிமையே.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. குழலின் பின்னால் நிற்பவனுக்கு விருப்பம் உண்டு. முன்னால் நிற்பவனுக்கு அதுவும் இல்லை. 1941இல் கிள்ளான் தொழிலாளரும், 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படையினரால் சுடப்பட்டு மாண்ட, கையில் கருவியற்ற 24 பேரும் சிலாங்கூர் மண்ணிலேயே வீழ்ந்தனர். அரும்பொருளகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் துப்பாக்கியை மாணவருக்குக் காட்டும் ஆசிரியர், அதன் எடையையும் நீளத்தையும் கூறுக. அதனைச் சுமந்த கையையும் கூறுக. அதன்முன் நின்ற நெஞ்சையும் மறவாது கூறுக.