சரண்ஜித் சிங்

சரண்ஜித் சிங் (1940–2015) மும்பையின் இந்தித் திரையிசைக் கூடங்களில் கிட்டாரும் மின்னணு விசைப்பலகைகளும் வாசித்த கலைஞர். பதிவுக்கு அழைத்தால் போய் வாசித்துவிட்டு வருவது அவர் தொழில். அத்தகையவர்களின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் வருவதில்லை. அவர்களது ஒலி மட்டும் ஊரெங்கும் கேட்கும். ஆர். டி. பர்மன் இசையமைத்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ (1971) படத்தின் ‘தம் மாரோ தம்’ பாடலில் டிரான்சிகார்டு என்ற மின்னணு அக்கார்டியனை வாசித்தவர் இவரே. திரைப்பாட்டு மெட்டுகளைக் கருவியிசையாக வாசித்து இசைத்தட்டுகளும் வெளியிட்டார்.

இன்று அவர் பெயர் நிற்பது 1982இல் எச்.எம்.வி. வெளியிட்ட ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ இசைத்தட்டினால். ‘குர்பானி’ (1980) படம் கிளப்பிவிட்ட டிஸ்கோ மோகம் நாடெங்கும் பரவியிருந்த நேரம் அது. ரோலண்டு நிறுவனத்தின் மூன்று கருவிகள் அவரிடம் இருந்தன: தாளத்துக்கு டி.ஆர்-808, அடிநாதத்துக்கு டி.பி-303, மெட்டுக்கு ஜூபிடர்-8. பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய பத்து இந்துஸ்தானி ராகங்களை இவற்றில் வாசித்தார். தமிழ்க் காதுக்கு இவை அந்நியமல்ல. ஸ்வர அமைப்பில் பூபாளி நம் மோகனம், யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், தோடி சுபபந்துவராளி. பைரவ் மாயாமாளவகௌளை, சரளி வரிசை படித்தவருக்கு முதல் நொடியிலேயே பிடிபடும்.

டி.பி-303, தனியே பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பாஸ் கிட்டாரின் வேலையைச் செய்ய உருவானது. அந்த வேலையில் அது தோற்று, 1984இல் உற்பத்தியும் நின்றது. ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. நம் இசைக்கு உயிரான ஜாருவுக்கு அது எவ்வளவு பொருத்தம்! மேற்கத்திய இசைபோல் ஸ்வரக்கூட்டங்கள் (கார்டுகள்) மாறிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் ராகத்தில் இல்லை. ஒரே ஆதார சுருதியில் நின்று, ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இயந்திரம் தம்பூராவின் இடத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டது. தமிழில் கணினி இசை என்ற பேச்சு எழுந்த ‘புன்னகை மன்னன்’ படம் வந்தது 1986இல்தான் என்பதை நினைத்தால் இந்தத் தட்டு எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

ஆனால் சரண்ஜித்தின் தட்டு விற்கவில்லை. 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே டி.பி-303ஐ வைத்து ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை அதிலிருந்து கிளைத்தது. மும்பைத் தட்டின் ஒலி அதற்கு வியக்கத்தக்க அளவு நெருக்கம். அதனால் சரண்ஜித்தை அவ்வகையின் தந்தை என்பதுண்டு. அது மிகை, சிகாகோ இளைஞர்கள் தங்கள் வழியிலேயே அங்கு சேர்ந்தார்கள். அவர் செய்தது ராக இசை, அந்தப் பெருமையே அவருக்குப் போதும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டு சேகரிப்பாளர் எடோ பவ்மன் 2002இல் டெல்லியில் இந்தத் தட்டைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்பாக வெளியிட்டார். 1982இல் இப்படியொரு ஒலியா என்று நம்பாமல், யாரோ இக்காலத்தில் செய்த போலி என்றுகூடச் சிலர் எண்ணினர். எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களைத் தம் கையாலேயே வாசித்துக் காட்டினார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.